பட்டுச் சாயத்தில் கம்பளி: நாலரை நட்சத்திரமும் ஒரு பூஜ்யமும்

எத்தனை நட்சத்திரம் என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சாயத்துக்கு ஐந்துக்கு நாலரை, கடைக்காரர் சொன்ன யோசனைக்கு ஐந்துக்கு ஐந்து, அவர் கையில் கொடுத்தனுப்பிய ஆசிட் பாட்டிலுக்குப் பூஜ்யம். கடை சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறது. பெயரைப் போடவில்லை, அந்தப் பாட்டில்தான் காரணம். மற்றபடி மனிதர் தங்கமானவர்.

எங்களுக்கு ஏற்காட்டில் ஒண்டிக்கடையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு பழைய வீடு இருக்கிறது. இரண்டு அறைகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு விடுகிறோம். ஊர் 1500 மீட்டர் உயரம். சேலத்தில் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும் ராத்திரியில் இங்கே கம்பளி இல்லாமல் படுக்க முடியாது. மொத்தம் ஏழு கம்பளிகள், எல்லாம் ஒரு காலத்தில் சந்தன நிறத்தில் இருந்தவை. வருகிறவர்கள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் எஸ்டேட் காப்பி குடிப்பார்கள், அதுவும் கம்பளியைப் போர்த்திக்கொண்டே. கறை எப்படி வருகிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டு வருஷம் முன்னால் கீழே ஒரு சலவைக் கடையில் இரண்டு கம்பளிகளைக் கொடுத்தோம், ஒன்றுக்கு 350 ரூபாய். பில்லில் டிரை கிளீனிங் என்று போட்டிருந்தார்கள், ஆனால் திரும்பி வந்ததைத் தொட்டாலே தெரிந்தது, வெந்நீர் ஊற்றி மெஷினில் உருட்டி எடுத்திருக்கிறார்கள். ஆறடி ஆளைக் கால்வரை மூடிய கம்பளி நாலரை அடிக்கு வந்திருந்தது, கனம் மட்டும் குறையவே இல்லை, கையில் எடுத்தால் அட்டை மாதிரி நின்றது. கேட்டதற்கு, "கம்பளின்னா சுருங்கத்தாங்க செய்யும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

சுருங்க வேண்டிய அவசியமே இல்லை. கம்பளி என்பது முடி, நம் தலையில் இருக்கிற அதே கெரட்டின் புரதம். ஒவ்வொரு முடியின் மேலும் மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. சூடும் ஈரமும் பட்டால் அவை விரியும், சோடா மாதிரிக் காரம் சேர்ந்தால் இன்னும் மோசம், அந்த நேரத்தில் பிடித்துக் கசக்கினாலோ மெஷினில் புரட்டினாலோ ஒரு முடியின் செதில் இன்னொன்றைக் கவ்வி நெருங்கி இறுகிவிடும். தலையில் விழுகிற சடைதான் இது. தலைச் சடைக்காவது எண்ணெய் வைத்துச் சீப்போடு மல்லுக்கட்டலாம், கம்பளிக்கு அந்த வழியும் கிடையாது. அந்த இரண்டில் ஒன்று இப்போது இஸ்திரிப் பெட்டிக்குக் கீழே விரிப்பாக இருக்கிறது, இன்னொன்றில் நாய் படுக்கிறது.

அதற்கப்புறம் வீட்டிலேயே துவைப்பது என்று முடிவு. கம்பளிக்கென்றே வருகிற திரவ சோப்பு போதும், நாங்கள் ஈஸி வாங்குகிறோம், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. அத்தை காலத்தில் பட்டுப்புடவைக்குப் பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரைத்து எடுப்பார்களாம், கம்பளிக்கும் அது அருமையாக இருக்கிறது, கொட்டை நீக்கிய தோல் ஒரு கைப்பிடி இருந்தால் ஒரு கம்பளிக்குப் போதும். சீயக்காயை மட்டும் தொடாதீர்கள், வெளிர் நிறத்தில் பழுப்பு இறங்கிவிடும், எனக்கு இறங்கியது. சாதாரண வாஷிங் பவுடரும் வேண்டாம். அது காரம், தவிர நிறைய பவுடர்களில் ரத்தக் கறை, பால் கறையைத் தின்பதற்கென்று என்சைம் போடுகிறார்கள், புரதத்தைத் தின்கிற என்சைமுக்குக் கறை எது கம்பளி எது என்று தெரியாது.

ப்ளீச் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மஞ்சள் பூத்த கம்பளியைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை முதலில் அங்கேதான் போகும். நாய்க் கம்பளியிலிருந்து நாலு நூலை உருவி ஒரு பீங்கான் கிண்ணத்தில் போட்டு, குளியலறை கழுவுகிற குளோரின் ப்ளீச்சைக் கொஞ்சம் ஊற்றி, ஜன்னலைத் திறந்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் நூலைக் காணோம். வெளுக்கவில்லை, கரைந்தே போய்விட்டது.

துவைக்கிற முறை பெரிய வித்தை இல்லை. கையை விட்டால் சூடும் தெரியக் கூடாது குளிரும் தெரியக் கூடாது, 30 டிகிரி பக்கம், அந்தத் தண்ணீரில் சோப்பைக் கலக்கிய பிறகு கம்பளியை இறக்கி 10 நிமிஷம் ஊறவிட்டு, உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி எடுக்க வேண்டும், தேய்க்கவோ கல்லில் அடிக்கவோ கூடாது. அலசுகிற தண்ணீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும், இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள், வெதுவெதுப்பில் துவைத்துவிட்டு ஏற்காட்டுக் குழாய்த் தண்ணீரை நேராகப் பிடித்து ஊற்றுவார்கள். கடைசி அலசலில் இரண்டு ஸ்பூன் வினிகர் விட்டால் மிச்சச் சோப்பும் போகும், கம்பளியும் மெத்தென்று இருக்கும். முறுக்கிப் பிழியாதீர்கள். மெஷினில் வெறும் ஸ்பின்னை மட்டும் ஒரு நிமிஷம் விடலாம், அதில் உருட்டல் இல்லாததால் ஒன்றும் ஆகாது. கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும், அதனால் நாங்கள் நார்க்கட்டிலில் விரித்து நிழலில் போடுகிறோம், மேலும் கீழும் காற்று போகும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இந்த வேலையில் இறங்காதீர்கள், பனிமூட்டத்தில் மூன்று நாளானாலும் காயாமல் நனைந்த ஆட்டு வாசனையோடு கிடக்கும்.

சரி, சாயத்துக்கு வருவோம்.

துவைத்த பிறகும் காப்பிக் கறையின் நிழல் போகவில்லை. பேசாமல் எல்லாவற்றையும் அரக்கு நிறமாக்கிவிட்டால் என்ன என்று தோன்றியது, கறையும் மறையும், இனி வருகிற கறையும் தெரியாது. முதலில் பேன்ஸி ஸ்டோரில் கிடைக்கிற சின்னச் சாயப் பாக்கெட் ஒன்றை வாங்கி, பின்னால் போட்டிருந்தபடி உப்புப் போட்டு இஸ்திரி விரிப்பின் ஒரு மூலையில் முயற்சி செய்தேன். வெளிறிய ரோஸ் நிறம் வந்தது, அலசினால் அதிலும் பாதி போனது. அது பருத்திக்கான சாயம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அத்தைதான் சொன்னார். அவர் அம்மாபேட்டையில் பட்டுத் தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர். "நூல் துணிச் சாயத்த எதுக்குக் கம்பளிக்குப் போடற? புழுவோட நூலும் ஆட்டோட முடியும் ஒரே சாதி. பட்டுச் சாயம் வாங்கிப் போடு" என்றார்.

செவ்வாய்ப்பேட்டைக் கடைக்குப் போனது அப்படித்தான். எட்டடி அகலம், உள்ளே இருட்டு, தகர டப்பாக்கள், தராசு, கடைக்காரரின் விரல் நகமெல்லாம் மயில் நீலம். நான் அரக்கு வேண்டும் என்றதும் டப்பாவைத் திறந்துவிடவில்லை, "என்ன துணிக்குங்க?" என்று முதலில் கேட்டார், அதற்குத்தான் அந்த ஐந்துக்கு ஐந்து. கம்பளி என்றேன். "நெசக் கம்பளியா, இல்ல கலப்பா? ஒரு நூலக் கொளுத்திப் பாத்துட்டு வாங்கம்மா, வேற சரக்குன்னா என் சாயம் புடிக்காது, அப்புறம் என்னத் திட்டுவீங்க" என்றார். விற்க வந்தவர் வாங்க வந்தவளைத் திருப்பி அனுப்பியது எனக்கு அதுதான் முதல் தடவை.

சேலம் மாவட்டத்துக்கென்று பேர் வாங்கிய ஆடு ஒன்று இருக்கிறது, மேச்சேரி ஆடு, ஆனால் அதற்குக் கம்பளி முடியே கிடையாது, கறிக்கும் தோலுக்கும்தான். நம் பக்கம் விற்கிற கம்பளிகள் பெரும்பாலும் வடக்கே பானிபட் சரக்கு. அங்கே பழைய ஸ்வெட்டர்களைக் கிழித்துப் பஞ்சாக்கி மறுபடி நூற்று நெய்வது பெரிய தொழில், அதில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று லேபிளை வைத்துச் சொல்லிவிட முடியாது. அதனால் நெருப்புச் சோதனை. ஓரத்தில் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, கழுவுத் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்தினேன். நிஜக் கம்பளி முடி பொசுங்குகிற நாற்றம் அடிக்கும், தீயை எடுத்தால் தானாக அணையும், மிச்சம் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், ஆறியதும் கருப்பு மணியாகக் கெட்டியாகிவிடும், நசுக்க முடியாது. மிச்சமிருந்த ஐந்தில் ஒன்று அப்படியே உருகியது. அதைத் தனியே வைத்துவிட்டு நாலுக்கு மட்டும் சாயம் வாங்கினேன்.

கடைக்காரர் கொடுத்தது பட்டுக்குப் போடுகிற ஆசிட் சாயம். புளிப்பும் சூடும் இருந்தால்தான் இது பட்டிலும் கம்பளியிலும் ஏறும். பருத்திச் சாயத்துக்கு உப்பும் சோடாவும், இதற்கு வினிகர், அவ்வளவு எதிரும் புதிரும். கனமான நிறத்துக்குக் காய்ந்த கம்பளியின் எடையில் 2 சதவீதம் கணக்கு. எங்கள் கம்பளி 1.4 கிலோ, ஆக ஒன்றுக்கு 28 கிராம். நாலுக்குமாக 120 கிராம் நிறுத்துக் கொடுத்தார், 300 ரூபாய். பிளாஸ்டிக் கவர், மேலே எதுவும் எழுதவில்லை, நான்தான் வீட்டுக்கு வந்து எழுதி ஒட்டினேன். அரை நட்சத்திரம் குறைந்தது அதனால்தான்.

பிறகு அந்தப் பாட்டில். வினிகருக்குப் பதில் இதையே ஊற்றலாம், சீக்கிரம் பிடிக்கும் என்று சொல்லி, லேபிள் கிழித்த ஒரு ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலில் நிறமில்லாத திரவத்தைக் கொடுத்தார். "தண்ணி கலந்ததுதாங்க, பயப்படாதீங்க." அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் அதைக் காலுக்கிடையில் ஒரு வாளியில் நிறுத்தி வைத்துக்கொண்டு வந்தேன். ஜனவரி மாதம். பாட்டிலை வெளித் திண்ணை அலமாரியில் வைத்துப் பூட்டினோம். மறுநாள் விடிந்து பார்த்தால் உள்ளே பளிங்கு மாதிரி உறைந்து கிடந்தது! தண்ணீரே உறையாத இடத்தில் இது எப்படி உறைந்தது என்று வீட்டுக்காரர் மூடியைத் திறந்து மூக்கை வைத்தவர், பத்து நிமிஷம் கண்ணில் தண்ணீர் வர இருமினார். அப்புறம்தான் பள்ளிக்கூடத்துக் கெமிஸ்ட்ரி ஞாபகம் வந்தது. சுத்தமான அசிட்டிக் அமிலம் 16.6 டிகிரியிலேயே உறைந்துவிடும், அதனால்தான் அதற்குக் கிளேசியல் என்றே பேர். தண்ணீர் கலந்திருந்தால் எங்கள் ஊர்க் குளிருக்கெல்லாம் உறையாது. அதாவது தோலைப் பொசுக்கக்கூடிய, ஆவி தீப்பிடிக்கக்கூடிய சரக்கை ஜூஸ் பாட்டிலில் கொடுத்திருக்கிறார். சேலத்துச் சூட்டில் அது எப்போதும் திரவமாகவே இருப்பதால் அவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. விடுமுறைக்குக் குழந்தைகள் வந்து தங்குகிற வீடு இது. மறுநாளே கீழே போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு, மளிகைக் கடையில் சமையல் வினிகர் நாலு லிட்டர் வாங்கிக்கொண்டு வந்தேன். வேலை அதிலேயே கச்சிதமாக முடிந்தது, அந்தக் கிளேசியலுக்கு வீட்டில் தேவையே இல்லை.

பாத்திரத்துக்குத்தான் அலைச்சல். அலுமினியம், செம்பு, இரும்பு எதுவும் ஆகாது, புளிப்பு பட்டு உலோகம் இறங்கி நிறத்தைக் கெடுக்கும். வாடகைப் பாத்திரமும் கூடாது, அடுத்தவர் அதில் சாம்பார் வைப்பார். பழைய பாத்திரக் கடையில் 60 லிட்டர் எவர்சில்வர் அண்டாவை எடைக்கு வாங்கி, இனி சமையலுக்கு இல்லை என்பதற்குக் கைப்பிடியில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டோம். வெளியே திறந்த இடத்தில் அடுப்பு. சாயப் பொடியைப் பிரிக்கும்போது முகக் கவசம், ரப்பர் கையுறை, காற்றடிக்காத மூலை, பக்கத்தில் ஈரத் துணி. பொடி கண்ணுக்குத் தெரியாமல் பறக்கிறது. மறுநாள் வெள்ளைச் சுவரில் ஈரக் கை பட்ட இடத்தில் ரோஸ் புள்ளிகள் பார்த்தேன், மூக்குக்குள் எவ்வளவு போயிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

கம்பளியைத் துவைத்து ஈரமாகவே வைத்திருக்க வேண்டும், காய்ந்ததைப் போட்டால் திட்டுத் திட்டாக ஏறும். 45 லிட்டர் தண்ணீர், 40 டிகிரி வந்ததும் வெந்நீரில் கரைத்து வடிகட்டிய சாயத்தை ஊற்றிக் கலக்கிய பிறகுதான் கம்பளி. அதிலிருந்து ஒரு மணி நேரம் எடுத்து மெதுவாக 90 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும், சமையல் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் நிம்மதி. கம்பளிக்கு 800 மில்லி வினிகர், பாதி 60 டிகிரியில், மீதி 80-ல், ஊற்றும்போது கம்பளியைக் கட்டையால் ஒரு பக்கம் ஒதுக்கிவிட வேண்டும், நேராக மேலே படக் கூடாது. 90-ல் முக்கால் மணி நேரம். தளதளவென்று கொதிக்கவிடக் கூடாது, அந்தக் குமுறலே கம்பளியை உருட்டிவிடும். இதில் ஏற்காட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் சலுகை இருக்கிறது, இந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரிப் பக்கமே கொதித்துவிடும், 100-க்குப் போகவே முடியாது. கட்டையால் மெதுவாகப் புரட்டிவிட்டால் போதும், துழாவ வேண்டாம். அடுப்பை அணைத்துவிட்டு மூடி வைத்துத் தூங்கப் போய்விடுங்கள், சூடாக இருக்கும்போது அந்த அண்டாவை இறக்க முயற்சியே செய்யாதீர்கள்.

காலையில் மூடியைத் திறந்தபோது நான் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிவாக இருந்தது, டீக்கடையில் டம்ளர் கழுவிய தண்ணீர் அளவுக்குத்தான் நிறம். சாயம் அத்தனையும் கம்பளிக்குள் போயிருந்தது. திருமணிமுத்தாறு சிவப்பாகவும் நீலமாகவும் ஓடியதைப் பார்த்த சேலத்துக்காரிக்கு இது சாதாரண விஷயம் இல்லை. ஆனாலும் அந்த மிச்சத்தைச் சரிவில் காப்பிச் செடிப் பக்கம் கொட்டவில்லை, கொஞ்சம் சமையல் சோடா போட்டுப் புளிப்பைக் குறைத்து, நிறையத் தண்ணீரோடு குளியலறைக் குழாயில் விட்டோம்.

பலன்? நாலில் இரண்டு அப்பழுக்கில்லாத அரக்கு. ஓரத்தில் தைத்திருந்த பளபளப்பு நாடா பாலியஸ்டர் என்பதால் சாயம் ஏறாமல் சந்தன நிறமாகவே நின்றுவிட்டது, வேண்டுமென்றே அரக்குக்குச் சந்தன பார்டர் கொடுத்த மாதிரி இருக்கிறது, வருகிறவர்கள் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கிறார்கள். மூன்றாவது என் அவசரம், மழை வரும்போல இருந்ததால் வினிகர் முழுவதையும் ஒரேயடியாக ஊற்றித் தீயைக் கூட்டினேன், புளிப்பும் சூடும் சட்டென்று ஏறினால் சாயம் முதலில் கண்ட இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும், நடுவில் இலங்கை வரைபடம் மாதிரி ஒரு திட்டு. நாலாவதுதான் ஏமாற்றியது. ஓரத்து நூல் முடி நாற்றம் அடித்ததால் நிஜம் என்று நம்பினேன், ஆனால் குறுக்கு நூல் கலப்பு, கேழ்வரகில் அரிசியைக் கொட்டின மாதிரி வெள்ளைப் புள்ளியோடு வந்தது. நூலைக் கொளுத்தும்போது நெடுக்கில் ஒன்று, குறுக்கில் ஒன்று எடுங்கள்.

அரக்கு என்பதால் எனக்குப் பிரச்சினை வரவில்லை, நீலம் யோசித்தவர்கள் கவனியுங்கள், மஞ்சளாகிப்போன கம்பளியில் நீலம் ஏறினால் பச்சையாகத் தெரியும், சாயம் பழைய நிறத்தை மூடாது, அதன்மேல் சேரும்.

ஆறு மாதம் ஆகிறது, இரண்டு தடவை துவைத்தாயிற்று. முதல் தடவை தண்ணீர் லேசாக ரோஸ், இரண்டாவது தடவை ஒன்றுமில்லை. ஈரக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன், ஒட்டவில்லை, தலையணை உறையிலும் நிறம் ஏறவில்லை. எடுத்து வைக்கும்போது அழுக்கு இல்லாமல் நன்றாகக் காயவைத்து, காய்ந்த வேப்பிலையும் இரண்டு நாப்தலின் உருண்டையும் போடுகிறோம், பூச்சி வியர்வைக் கறை இருக்கிற இடத்தைத்தான் முதலில் தேடிப் போகும்.

போன வாரம் அத்தையின் பழைய சால்வைக்குக் கரும்பச்சை வாங்க மறுபடி அதே கடைக்குப் போனேன். கவர் மேல் நிறத்தின் பெயரையும் எடையையும் எழுதிக் கொடுத்தார், சந்தோஷம். ஆசிட் பாட்டிலிலும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது, பால் பாயின்ட் பேனாவால் "ஆசிட்" என்று எழுதி. பாட்டில் அதே ஆரஞ்சு ஜூஸ் பாட்டில்தான். பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கட்டும்.